குருத்தெலும்புக்கு நடை பழக்கிய காலம்

வளர்ப்புத் தொழில்களிலேயே ஆளை அதிகம் வாட்டுவது குருத்தெலும்பு வளர்ப்புத்தான். கோழி வளர்ப்பவர்கள் கோபிக்க வேண்டாம். இறால் குளத்துக்காரரும், தயிர் உறைந்துவிட்டதா என்று சட்டியைத் திறந்து திறந்து பார்ப்பவர்களும் என் பக்கத்தில் வந்து உட்காரலாம். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கோழி பசித்தால் கத்தும். இறால் நோய் கண்டால் கரையில் ஒதுங்கும். குருத்தெலும்பு வாயே திறக்காது. நன்றாக இருக்கிறதா, செத்துவிட்டதா என்று அறிய நாட்கணக்கில், கிழமைக்கணக்கில் அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதற்கு முகமும் கிடையாது.

மட்டக்களப்பு வாவிக்கரையில் இருக்கிற ஒரு பல்கலைக்கழகத்தில், ஊர்ப் பேச்சில் கம்பஸில், நான் ஆய்வுகூட உத்தியோகத்தர். ஆட்டு முழங்காலைப் பிளந்தால் எலும்பு முனையில் வெள்ளையாக, வழுவழுவென்று ஒரு படலம் இருக்குமே, அதுதான் எங்கள் சாமான். மனிதருக்கும் அதேதான், தேய்ந்தால் திரும்ப முளைக்காது. அதிலிருந்து உயிரணுக்களைப் பிரித்து, பெருக்கி, கடற்பாசியில் எடுத்த ஜெலியில் கலந்து, சட்டைப் பொத்தான் அளவில் வார்த்து, இளஞ்சிவப்பு நிறத் திரவம் ஊற்றி இன்குபேட்டர் பெட்டிக்குள் வளர்ப்போம். சும்மா விட்டால் பொத்தான் கொழகொழவென்றே கிடக்கும். நடக்கிற காலில் எலும்பு அழுத்தி விடுவதுபோல அதையும் அழுத்தி, விட்டு, அழுத்தி, விட்டு வந்தால் இறுகும் என்பதுதான் ஆராய்ச்சி.

ஆராய்ச்சி நஸீருடையது. ஏறாவூர் ஆள். முதுமாணிப் பட்டத்துக்கு, அதாவது மாஸ்டர்ஸுக்கு, வந்தவன், கல்யாணம் முடித்து ஒரு பெண் குழந்தைக்கு வாப்பாவும் ஆகிவிட்டான். பட்டம் மட்டும் வந்து சேரவில்லை. தவணை நீடிப்பும் கடைசித்தரம் கொடுத்தாகிவிட்டது. மனைவியின் அண்ணன் கத்தாரில் ஒரு களஞ்சிய வேலையைச் சொல்லி வைத்திருந்தார், ஆகஸ்ட் வரைக்கும்தான் அது காத்திருக்கும். அதற்குள் அழுத்திய பொத்தான் அழுத்தாத பொத்தானைவிட இறுக்கம் என்று காட்டினால் பட்டமும் மேற்படிப்பும். காட்டாவிட்டால் கத்தார். அந்த வருடம் எங்கள் கூடத்தில் எல்லாருடைய பேச்சும் இதைச் சுற்றித்தான் இருந்தது.

முழங்கால் மட்டும்

என் வீடு தேற்றாத்தீவில். பஸ் காத்தான்குடியால் போவதால் முழங்கால் வாங்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அன்று காலை அறுத்த ஆடாக இருக்க வேண்டும், மூட்டைத் திறக்காமல் தர வேண்டும். திறந்தால் கிருமி புகுந்துவிடும். ஊருக்கெல்லாம் அண்ணனான ஹனீபா காக்காவின் இறைச்சிக் கடைக்கு முன்னால் ஐஸ் போட்ட ரெஜிபோம் பெட்டியோடு நிற்பேன். வெள்ளிக்கிழமை என்றால் நெற்றியில் திருநீறு, கையில் ஆட்டுக்கால். நானோ வெள்ளியில் மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவள். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர்கள் பெட்டியைப் பார்த்து மீனா என்று கேட்பார்கள். ஓம், மீன்தான் என்றுவிடுவேன். உண்மையைச் சொன்னால் கல்லடிப் பாலம் தாண்டும் வரை விளக்கம் சொல்ல வேண்டும்.

காக்கா முதலில் காலை முழுசாக எடுக்கச் சொன்னார். பிறகு ஈரல் நல்லதாக இருக்கிறது என்றார். நான் எதற்கும் மசியவில்லை. கிழமை தவறாமல் முழங்கால் மட்டும்தான். ஒருநாள் கடையில் சனம் குறைந்த நேரம் பார்த்து, கத்தியைத் துடைத்து வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "தங்கச்சி, கோவிச்சுக்காதங்க. வீட்டில முழங்கால் ஏலாத ஆள் ஆரு? இவ்வளவு சூப்புக் குடிச்சும் சுகமாகல்லெண்டா ஒரு டொக்டரக் காட்டுங்க."

இடியப்ப உரல்

அழுத்துகிற இயந்திரத்தை வெளிநாட்டில் இருந்து எடுப்பது எங்களால் நடக்கிற காரியம் இல்லை. நஸீரே செய்தான். உம்மாவின் பழைய தையல் மெஷினில் கழற்றிய மோட்டர், ஒரு சில்லு, சில்லு சுற்ற ஏறி இறங்குகிற ஒரு தட்டு. தட்டில் திரவம் போய்வரச் சின்னச் சின்ன ஓட்டைகள். மோட்டரும் சில்லும் பெட்டிக்கு வெளியே, தட்டு உள்ளே. இரண்டையும் இணைத்து, பெட்டியின் பின்பக்கத்தால் ஒரு தண்டு போனது. உம்மாவுக்கு மெஷின் போன கவலை இருந்திருக்கும். பெருநாளுக்குப் பேத்தியின் சட்டையைக் கையால் தைத்தாராம்.

ஓட்டிப் பார்க்கிற நாள் நஸீர் புதுச் சேர்ட்டோடு வந்தான். பேராசிரியரும் வந்து நின்றார். அவரை நாங்கள் மெடம் என்போம். சுவிட்சைப் போட்டான். தட்டு இறங்கியது. நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் இன்னும் இறங்கியது. கிழமைக்கணக்காக ஊட்டி வளர்த்த பொத்தான்கள் ஓட்டைகளுக்குள்ளால் வெள்ளை வெள்ளை நூலாக மேலே வந்தன. நஸீர் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றான். எனக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாகிவிட்டது. கூடத்தைத் துப்புரவு செய்கிற புஷ்பராணி அக்கா வாளியை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். அந்த இயந்திரத்துக்கு இடியப்ப உரல் என்ற பேர் நிலைத்தது அவரால்தான். "நல்ல மெல்லிசாத்தான் வந்திரிக்கு. சொதிக்குத் தேங்காய் துருவவா மனே?"

கரண்ட் போன பகல்

உரலின் இறக்கத்தைச் சரி செய்த பிறகு அடுத்ததாக எங்களைப் பிடித்த சனி மின்வெட்டு. எங்களிடம் இருந்த பற்றரி, பெட்டியின் சூட்டைக் காப்பாற்றும், மோட்டரை ஓட்டாது. ஒரு லீவு நாளில் தட்டு கீழே இருந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது. நாங்கள் வந்து திறக்கும்போது பொத்தான்கள் நசுங்கியபடியே செத்துக் கிடந்தன. நடக்கிற காலில்தான் குருத்தெலும்பு தேறும். மேலே பாரத்தை வைத்துவிட்டு எடுக்காமல் போனால் அதற்குச் சாப்பாடே இறங்காது. ஆகவே ஒரு சட்டம் போட்டோம். கரண்ட் போனால் கிட்ட நிற்பவர் யாராக இருந்தாலும் ஓடிப்போய்ச் சில்லைக் கையால் சுற்ற வேண்டும்.

ஒருநாள் காலையில் போன கரண்ட் பின்னேரம்தான் வந்தது. மாறி மாறிச் சுற்றினோம். ஜன்னல்களைத் திறந்துவிட, வாவிக் காற்று கூடத்துக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. புஷ்பராணி அக்கா தன் மூத்த மகளைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்களைப் பற்றிச் சொல்லித் திட்டினார். மெடம் தனக்கு இன்னும் சைக்கிள் ஓட்டத் தெரியாது என்ற இரகசியத்தை அன்றுதான் வெளியே விட்டார். நஸீர் ஜும்ஆத் தொழுகைக்குப் போய்த் திரும்பும்வரை அவனுடைய முறையையும் சேர்த்து நான் சுற்றினேன். கை கடுத்தது. ஆனாலும் அதைப்போல ஒரு சந்தோஷமான நாள் எனக்கு இந்த உத்தியோகத்தில் வேறு வாய்க்கவில்லை. இப்போது ஜெனரேட்டர் இருக்கிறது. கரண்ட் போனதே எங்களுக்குத் தெரிவதில்லை. அவரவர் காதில் வயரைச் செருகிக்கொண்டு அவரவர் வேலையைப் பார்க்கிறோம்.

அன்று மத்தியானம் ஏதோ அவசரக் கூட்டம் என்று பீடத்து அலுவலகத்தில் இருந்து ஒருவர் மெடத்தைக் கூப்பிட வந்தார். மெடம் சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு சில்லைச் சுற்றிக்கொண்டிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்: "வாறன் எண்டு சொல்லுங்க, ஆனா இப்ப இல்ல. நான் கைய எடுத்தா இஞ்ச ஒரு ஆடு நொண்டிப் போயிரும்."

உன்னிச்சையில் இருந்து வந்தவர்

கம்பஸில் முழங்கால் வளர்க்கிறார்கள் என்ற கதை எப்படியோ ஊருக்குள் பரவியிருந்தது. உன்னிச்சையில் இருந்து வள்ளியம்மை என்றொருவர் மகளையும் கூட்டிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி வந்துவிட்டார். எங்கள் கூடம் மேல்மாடியில். படிக்கட்டில் ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார். நெல் வட்டைக்குள் களை பிடுங்கிப் பிடுங்கித் தேய்ந்த கால்கள். இனி வயலுக்குள் இறங்க முடியாது, வீட்டிலும் குந்தி இருக்க முடியாது என்றார். தனக்கு ஒரு முழங்காலுக்கு மட்டும் வைத்துத் தந்தால் போதும், மற்றதைச் சமாளித்துக்கொள்வாராம்.

நஸீர் அவருக்குக் கதிரையை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் குந்திக்கொண்டு விளக்கினான். இது ஆட்டினது, மனிதருக்கு வைக்கிற நிலைக்கு வர இன்னும் எத்தனையோ வருடம் செல்லும் என்றான். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு, வந்ததுக்கு ஒருக்கா அதைக் காட்டுங்கள் என்றார். பெட்டியின் உள் கண்ணாடிக்குள்ளால் காட்டினோம். கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிறைய நேரம் பார்த்தார். எனக்கு ஏதோ பொய் சொல்லிக் கூப்பிட்டு ஏமாற்றியதுபோல இருந்தது. நஸீர் அவரைக் கைத்தாங்கலாகக் கீழே இறக்கி, பஸ் ஏற்றிவிட்டு வந்தான்.  பஸ் ஏறும்போது வள்ளியம்மை அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது இது: "இத்தினோண்டு இறுக இம்மட்டு நாள் எடுக்குமெண்டா என்ட காலுக்கு வராது. பின்னால வாற ஆருக்கும் உதவும், கைவிடாம வளருங்க மனே."

இரண்டும் ஒன்று

ஒரு விளைச்சல் கடைசியாக ஒரு குறையும் இல்லாமல் முடிந்தது. அழுத்திய பொத்தான்கள் ஒரு பக்கம், அழுத்தாமல் ஓய்வில் விட்ட பொத்தான்கள் ஒரு பக்கம். எவ்வளவு பலத்தைத் தாங்குகிறது என்று அளக்கிற கருவியில் ஒவ்வொன்றாக வைத்தோம். இரண்டுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. திரும்பவும் அளந்தோம். அப்போதும் இல்லை. அழுத்தினாலும் ஒன்றுதான், அழுத்தாவிட்டாலும் ஒன்றுதான் என்றால் நஸீர் இத்தனை வருடம் செய்தது ஒன்றுமே இல்லை என்று ஆகிறது. அவன் சண்டை பிடிக்கவில்லை, அழவும் இல்லை. மேசையில் இருந்த தன் சாமான்களைப் பையில் அடுக்கத் தொடங்கினான். அதைப் பார்க்க எனக்கு ஆத்திரம்தான் வந்தது. யார்மேல் என்று தெரியாத ஆத்திரம்.

பெட்டிக்குள் மிச்சமிருந்த கிண்ணங்களை எடுத்து வீச வேண்டியதுதான் பாக்கி. உரல் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மெடம் கடைசியாக ஒருக்கா பார்ப்போம் என்று கதவைத் திறந்தவர், குனிந்தபடியே நின்றுவிட்டார். பிறகு எங்களைக் கூப்பிட்டார். பெட்டியின் கீழ் அடுக்கில் உரலின் தட்டு. மேல் அடுக்கில், ஓய்வில் விட்ட பொத்தான்கள் இருக்கிற கிண்ணங்கள். அந்தக் கிண்ணங்களில் திரவம் வட்டம் வட்டமாக நடுங்கிக்கொண்டிருந்தது. உரல் ஒவ்வொருதரம் இறங்கும்போதும் பெட்டி முழுவதும் அதிர்ந்திருக்கிறது. பற்றரி ஒரு பெட்டிக்குத்தான் இருந்தது, ஆகவே அருமையான எல்லாவற்றையும் அதற்குள்ளேயே வைத்துப் பூட்டியிருந்தோம். கரண்ட் போவதற்கு இவ்வளவு பயந்த ஊரில்தான் இப்படி ஒரு பிழை நடக்கும். நஸீர் பையைக் கீழே வைத்தான். பல நாளுக்குப் பிறகு அவனுடைய பல்லைப் பார்த்தேன். "மெடம், படுத்துக் கிடக்கச் சொன்ன புள்ளைகளையும் நாங்கதானே ஊஞ்சல்ல வெச்சு ஆட்டியிரிக்கம்."

வெசாக் கிழமை

திரும்பவும் முழங்காலில் இருந்து தொடங்க வேண்டும். ஆகஸ்டுக்குள் ஒரே ஒரு விளைச்சலுக்குத்தான் நாள் இருந்தது. அடுத்த கட்டிடத்து விலங்கியல்காரரின் பெட்டியில் ஓய்வுப் பொத்தான்களுக்கு ஒரு அடுக்கு இரந்து வாங்கினோம். அவர்களுடைய பழுதான மின்விசிறியை நஸீர் திருத்திக் கொடுக்க வேண்டியதாயிற்று. எல்லாம் ஆயத்தம் என்று ஹனீபா காக்காவிடம் ஓடினால் கடை பூட்டு. வெசாக். புத்தரின் பௌர்ணமி என்று தீவு முழுவதும் இறைச்சிக் கடைகள் மூடுகிற நாட்கள். ஊரெல்லாம் காகிதக் கூடு கட்டி வெளிச்சம் போடுகிற நேரத்தில் நாங்கள் ஒரு முழங்காலுக்கு ஆலாய்ப் பறந்தோம். கதிரவெளிப் பக்கம் யாரிடமாவது ஆடு இருக்கும், விலைக்குக் கேட்போமா என்றுகூட நஸீர் யோசித்தான். அந்த நாட்களில் அறுப்பதும் தடை, பேசாமல் இருங்கள் என்று மெடம்தான் சொன்னார். கடை திறந்த அன்று வரிசையில் முதல் ஆள் நான்.

அந்தக் கடைசி விளைச்சல் வளர்ந்துகொண்டிருந்த நாட்களில் நஸீரின் மனைவி ரமீஸா மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். இவ்வளவு நாளும் வந்ததில்லை. எங்களுக்கென்று ஒரு கோப்பையில் கடற்பாசிப் புடிங் கொண்டுவந்திருந்தாள், நோன்பு காலத்தில் அவர்கள் வீட்டில் செய்வது. நாங்கள் வார்க்கிற ஜெலியும் அதே குடும்பம்தான் என்று நஸீர் சொல்ல, அவள் நம்பவில்லை. பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். புருஷனைக் கத்தாருக்கு அனுப்புவதா வீட்டில் வைத்திருப்பதா என்று முடிவெடுக்கப் போகிற அந்தச் சின்ன வெள்ளைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். முகத்தில் ஏமாற்றம் இருந்ததோ என்னவோ, எனக்குத் தெரியவில்லை. போகும்போது என்னிடம் மட்டும் சொன்னாள்: "மிஸ், இது இறுகணும் எண்டு நானும் மாமியும் தினமும் துஆக் கேக்கிறம். என்னத்த நினைச்சுக் கேக்கிறதெண்டு தெரியாமத்தான் கேட்டம். இப்ப கண்டிட்டன்."

நசுங்காதது

அளக்கிற நாள் வந்தது. ஓய்வில் விட்டவற்றை அடுத்த கட்டிடத்தில் இருந்து நானே தூக்கிக்கொண்டு வந்தேன். அவை வழியில் ஆடிவிடக் கூடாதென்று மணப்பெண் மாதிரி நடந்தேன். முதலில் அவற்றை வைத்தோம். கருவி இறங்க, பாதியிலேயே தட்டையாகி விரிந்துபோயின. பிறகு அழுத்தி வளர்த்தவை. கருவி இறங்கியது. பொத்தான் கொஞ்சம் அமுங்கியது, தாங்கியது, கருவி ஏறியதும் பழைய உயரத்துக்கு வந்து நின்றது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். யாரும் கைதட்டவில்லை. மெடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். நஸீர் வெளியே போய் முகம் கழுவிவிட்டு வந்தான். நான் அழுதேன், அதைச் சொல்ல எனக்கு என்ன வெட்கம்.

அன்றைக்கே ரமீஸாவின் அண்ணனுக்குப் போன் பறந்தது, கத்தார் வேலை வேண்டாம் என்று. எங்கள் எல்லாருக்கும் அது பெரிய வெற்றி. நஸீர் இனி எங்கேயும் போகான் என்று நான் என்னுடைய பாட்டுக்கு முடிவு கட்டிவிட்டேன். அவனுக்கென்று ஜன்னலோரம் மேசை போடுவது வரைக்கும் மனதுக்குள் யோசித்தாகிவிட்டது. பட்டம் கையில் வந்த கிழமை மெடம் தேநீருக்குக் கூப்பிட்டார். யப்பானில் ஒரு ஆய்வுகூடம் நஸீரைக் கலாநிதிப் பட்டத்துக்கு, பிஎச்டிக்கு, எடுத்துக்கொள்கிறது, குடும்பத்தோடு போகலாம் என்றார். அவர் எத்தனையோ மாதமாக அதற்காகப் பேசிக்கொண்டிருந்தாராம். மேற்படிப்பு என்று நாங்கள் வாய் ஓயாமல் சொன்னோமே, அதற்கு இங்கே இடம் இல்லை என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை. அவன் போகக் கூடாது என்றுதானே நான் கை கடுக்கக் கடுக்கச் சில்லைச் சுற்றினேன். சந்தோஷம்தான். ஆனால் தேநீர்க் கோப்பையை அப்படியே மேசையில் வைத்துவிட்டேன்.

நஸீர் எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, மூன்று வருடத்தில் வந்துவிடுவேன் என்றான். வரவில்லை. அங்கே வேலை கிடைத்துவிட்டது, மகள் யப்பான் மொழியில் பாட்டுப் படிக்கிற வீடியோ அனுப்புகிறான். அன்று எல்லாரும் அவனை வாழ்த்தி முடிந்த பிறகு, கோப்பைகளைக் கழுவ எடுத்துக்கொண்டு போன புஷ்பராணி அக்கா வாசலில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்: "தோத்தாக் கத்தார், வெண்டா யப்பான். இந்தக் கம்பஸில இரிக்கிறதுக்கு ஒரு ஆள் என்னதான் செய்யணும் மிஸ்?"

எங்கள் கூடத்தில் வளர்ந்தவற்றுள் இதுவரை வெளியே போய் நிமிர்ந்து நிற்கிற பதத்துக்கு வந்தது நஸீர் ஒருவன்தான். குருத்தெலும்பு இன்னும் பெட்டிக்குள்ளேதான் இருக்கிறது.